கண்ணாடிப் பெட்டிக்குள் பாமாலை

லாக்கப்பில் உட்கார்ந்திருந்த ஜோனத்தான், கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் தரையைப் பார்த்தான்.

"அந்த ஜன்னல் வழியா உள்ள எதுக்குப் போனே?"

தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சுல்மா அவசரப்படவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பொய்த் தீ விபத்துகளையும் போலி மரணங்களையும் துருவித் துருவியே தலை நரைத்தவள் அவள். ஓய்வுக்குப் பிறகு மொந்தேவிதேயோவில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தாள். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு வில்மார். முன்னாள் டாக்சி டிரைவரான வில்மார் இப்போது அவளுக்கு உதவியாளன். டாக்சியை அவன் விடவில்லை. வாயையும் விடவில்லை.

"தம்பி," என்றான் வில்மார். "கொலைகாரன்கூட எங்கிட்ட பேசியிருக்கான். அதுவும் டாக்சி மீட்டர் ஓடிக்கிட்டிருக்கும்போது. உனக்கு இங்க மீட்டர்கூட ஓடல. சொல்லிடேன்."

ஜோனத்தான் லேசாகச் சிரித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பலெர்மோ பகுதியில் இருக்கும் 'அத்திமரம்' நூலகத்தின் ஜன்னல் உடைந்து கிடந்தது. உள்ளே ஒரு அலமாரி முழுக்கச் சிவப்பு பெயின்ட். சுவரில் அதே பெயின்டில் ஒரு வசை. பெண் விடுதலைப் புத்தகங்களும், பெண்களைக் காதலித்த பெண்கள் எழுதிய புத்தகங்களும் மட்டுமே இருக்கிற நூலகம் அது. சம்பளம் வாங்குகிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. வேலை முடிந்து வருகிற பெண்களே முறை வைத்துத் திறந்து மூடி நடத்துகிறார்கள். பக்கத்துக் கட்டடம் ஒரு கிறிஸ்தவ சபை. கோடை முழுக்க அந்தச் சபையின் போதகர் ஒலிபெருக்கியில் நூலகத்தை நரகத்தின் வாசல் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அந்தச் சபைக்குப் போகிற ஜோனத்தானின் ஷூவில் சிவப்பு பெயின்ட் இருந்தது. போலீஸுக்கு அது போதும். திங்கட்கிழமை அவனைச் சிறைக்கு மாற்றப் போகிறார்கள். இன்று சனி.

"அன்னிக்குப் போட்டிருந்த சட்டை எங்க?" என்றாள் சுல்மா.

"இதுதான். அம்மா வேற சட்டை கொண்டு வந்தாங்க, உள்ள விடல."

வெள்ளைச் சட்டை. ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுக்கொண்டது. அழுக்கு இருந்தது, வியர்வை இருந்தது. சிவப்பு இல்லை.

வில்மார் சட்டையின் கையை விரலால் தூக்கிப் பார்த்தான். "ஒரு டப்பா பெயின்டை வீசியிருக்கான், சட்டையில ஒரு சொட்டு இல்ல. இவன் பெயின்டர் வேலைக்குப் போனா ஊர்ல வேற எவனுக்கும் வேலை கிடைக்காது, ஜெஃபா."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளை அவன் ஜெஃபா என்றுதான் கூப்பிடுகிறான். எஜமானி என்று அர்த்தம். கூப்பிடும் விதத்தில் அந்த மரியாதை இருக்காது.

"நான் போனப்பவே கொட்டிக் கிடந்துச்சு," என்றான் ஜோனத்தான். "மிதிச்சிட்டேன். அவ்வளவுதான்."

"இதை போலீஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எதுக்கு உள்ள போனேன்னு அவங்களும் கேட்டாங்க."

மறுபடி தரை.

சுல்மா எழுந்தாள். கதவருகே போனபோது அவன் மெதுவாகச் சொன்னான். "செனோரா, எங்க அம்மா உங்களைத் தேடி வந்தது எனக்குப் பிடிக்கல. நீங்க எதைக் கண்டுபிடிச்சாலும் அவங்ககிட்ட சொல்லாதீங்க."

*

"வாடிக்கையாளர் கண்டுபிடிக்கச் சொல்றாங்க. அவங்க பையன் கண்டுபிடிச்சாலும் சொல்லாதேங்கறான்," என்றான் வில்மார், வண்டியைக் கிளப்பியபடி. "நம்ம தொழில்லயே சுலபமான வேலை இதுதான். ஒண்ணுமே செய்யாம இருந்தா ரெண்டு பேருக்கும் பாதி திருப்தி."

சுல்மா சிரிக்கவில்லை. பையனின் அம்மா நில்சா அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தது அவள் நினைவில் இருந்தது. மடியில் விரல் தடிமன்கூட இல்லாத, சபையில் பாடும் பாமாலைப் புத்தகம், அதன் மேல் இரண்டு கைகள். வேறு யாரும் இந்த வழக்கைத் தொடவில்லை என்றாள். ஊரே நூலகத்துக்காக மெழுகுவத்தி ஏந்தி நடந்திருந்தபோது எவன் தொடுவான்? நில்சாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சுல்மா அந்த நூலகத்தின் பழைய உறுப்பினர். அவள் பாதி வாழ்க்கை மிர்த்தா என்ற பெண்ணோடு ஒரே வீட்டில் கழிந்தது. மிர்த்தா இறந்த பிறகு அவள் புத்தகங்களையெல்லாம் 'அத்திமர'த்துக்குத்தான் கொடுத்தாள்.

தெரிந்திருந்தால் நில்சா வந்திருப்பாளா? அதை சுல்மா கேட்கவில்லை. பையனின் ஷூவைப் பற்றி மட்டும் கேட்டாள்.

நூலகத்தின் முற்றத்தில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் விருந்து. அந்த வீடு நகராட்சியுடையது. கோடை முடிந்ததும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். தாக்குதல் நடந்து, தொலைக்காட்சி வந்து, ஊர்வலம் போனதும் நகராட்சி மனசு மாறிவிட்டது. இன்னும் பத்து வருஷம் வீடு நூலகத்துக்கே.

இவோன் ஏணியிலிருந்து இறங்கி வந்து சுல்மாவைக் கட்டிக்கொண்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், சனிக்கிழமைகளில் நூலகம் அவள் பொறுப்பு. "வந்துட்டியா. கொஞ்சம் மாத்தே குடி, அப்புறம் வேலை தரேன்."

"வேலையாத்தான் வந்திருக்கேன். அந்தப் பையனோட அம்மா என்னை வெச்சிருக்காங்க."

இவோனின் கை சுல்மாவின் தோளிலிருந்து இறங்கியது.

"அவனுக்காகவா?"

"அவன் செஞ்சானான்னு பாக்கறதுக்காக."

"மிர்த்தாவோட புத்தகமெல்லாம் இந்த வீட்டுல இருக்கு, சுல்மா. அதுக்கு நடுவுல பெயின்ட் டப்பாவோட வந்தவனுக்கு நீ வக்காலத்து வாங்கறே."

"மிர்த்தா புத்தகத்துல பெயின்ட் பட்டுச்சா?"

"இல்ல. அது தப்பிச்சிடுச்சு," என்றாள் இவோன்.

"எதுல பட்டுச்சுன்னு பார்க்கலாமா?"

பாழான அலமாரியை அப்படியே விட்டு, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்கு. சிவப்பு காய்ந்து, புத்தக முதுகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுல்மா குனிந்து பார்த்தாள். முதல் புத்தகத்தின் அடியில் ஒரு மஞ்சள் பொட்டு. அடுத்ததிலும் மஞ்சள் பொட்டு. அதற்கடுத்ததிலும்.

"ஒட்டுப் பொட்டு வெக்கறது இவங்க வழக்கமா?" என்றான் வில்மார்.

"ரெண்டு பிரதி இருக்கிற புத்தகத்துக்கு மட்டும். பொட்டு வெச்சது வெளியே போகும். பொட்டு இல்லாதது இந்த வீட்டை விட்டு நகராது, இங்கயே உக்காந்து படிக்கணும்." சுல்மா விரலை அலமாரியின் கடைசி வரை ஓட்டினாள். "இங்க எல்லாத்துலயும் பொட்டு இருக்கு."

"எல்லாப் பொட்டும் ஒரே அலமாரியிலதான் இருக்குமோ?"

"இல்ல. எழுதினவங்க பேர் வரிசைப்படி கலந்துதான் இருக்கும். இதுல வரிசையே இல்ல."

வில்மார் தொப்பியைக் கழற்றினான். "நல்ல எதிரி, ஜெஃபா. வெறி பிடிச்சு வந்திருக்கான். வந்தவன், இன்னொரு பிரதி இருக்கான்னு பார்த்துப் பார்த்து எடுத்து அடுக்கி, அப்புறமா வெறுத்திருக்கான்."

இவோன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில், 'தோர்த்தீஷேராக்களே, ஒழிந்து போங்கள்' என்று இருந்தது. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கு அந்த ஊர்த் தெருக்கள் வைத்திருக்கும் வசைச்சொல். வில்மார் அதை வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் படித்தான். பிறகு தலையைச் சாய்த்து மறுபடி படித்தான்.

"எழுத்துக்கு மேல சாய்கோடு, போட வேண்டிய இடத்துல போட்டிருக்கு. முடிவுல ஆச்சரியக்குறி, சரி. ஆரம்பத்துல தலைகீழ் ஆச்சரியக்குறியும் இருக்கு. நம்ம ஸ்பானிஷ் இலக்கணப்படி போடணும்தான். ஆனா சுவத்துல எழுதறவன் எவனும் போட்டு நான் பார்த்ததில்ல. என் மச்சான் கல்யாணப் பத்திரிகையிலயே போடல."

"போதும், வில்மார்," என்றாள் சுல்மா. ஒரு பிழைகூட விடாமல் எழுதுகிற கை ஒன்றை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லோருக்குமே தெரியும்.

இவோன் சட்டென்று முன்னால் வந்தாள். "பொட்டு, கோடுன்னு எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, கறுப்பு அட்டையில் பொன்னெழுத்து பொறித்த ஒரு பாமாலை. பக்கத்துச் சபையின் பெயர் அட்டையிலேயே இருந்தது. கீழே ஒரு சீட்டு: 'வெறுப்பு விட்டுச் சென்றது.'

"படிச்சு முடிச்சதைத் திருப்பிப் போடற கூடையில கிடந்துச்சு. நாங்க வந்தப்ப அதுதான் மேல இருந்துச்சு. போலீஸ் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. யாரும் தொடக்கூடாதுன்னு எபே பூட்டி வெச்சிருக்கா."

"நீங்க யாரும் திறந்து பார்க்கலையா?"

"பாமாலையை நான் எதுக்குத் திறக்கணும்? சின்ன வயசுல பாடினது போதும்."

வில்மார் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான். "அவங்க அம்மா மடியில வெச்சிருந்ததும் இதேதானே? அது பிஸ்கெட் மாதிரி மெலிசா இருந்துச்சு. இது செங்கல் மாதிரி இருக்கு. இவ்வளவு பாட்டும் பாடினா ஞாயித்துக்கிழமை ஆராதனை புதன்கிழமைதான் முடியும்."

சுல்மா அவனைப் பார்த்தாள். அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்தான். பெட்டியின் பூட்டு பொம்மைப் பூட்டுதான். இவோன் தடுக்கவில்லை. பொட்டைப் பார்த்த பிறகு அவளுக்கும் எதையாவது திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

அட்டை உள்ளே மடித்து, மூலைகளை ஒட்டி, அளவெடுத்தது போல மாட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் விலக்கினால் போதும். உள்ளே பாட்டு இல்லை. இரண்டு பெண்கள் காதலிக்கிற ஒரு நாவல். முதல் பக்கத்தில் ஊதா நிறத்தில் 'அத்திமரம்' முத்திரை.

"நம்ம புத்தகம்," என்றாள் இவோன். "நம்ம புத்தகத்தையேவா?"

"சபையைச் சேர்ந்த யாரோ ஒருத்தி இங்கேருந்து எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டிருந்திருக்கா," என்றாள் சுல்மா. "வீட்டுல மாட்டிக்காம இருக்க இந்த அட்டை. இதை அழகா மாட்டிக் கொடுத்தது யாருன்னு இந்த மடிப்பைப் பார்த்தாலே உனக்குத் தெரியும், இவோன். இங்க இருக்கிற எல்லாப் புத்தகத்துக்கும் அவதானே அட்டை போடறா."



*

எபே சமையலறையில் தனியாக இருந்தாள். நூலகத்தைத் தொடங்கியவள். ஒரு நாளிதழில் வேலைக்காலம் முழுவதும் பிழை திருத்தியவள். ராணுவ ஆட்சியில் இந்தப் புத்தகங்களை மாவு மூட்டைகளுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவள். அவள் கூடத்துக்குள் வந்தால் பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். சுல்மாவும் எழுந்தவள்தான்.

சுல்மா புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். வில்மார் கதவருகே நின்றான், வாயை மூடிக்கொண்டு.

எபே புத்தகத்தைப் பார்த்தாள். குடுவையில் இருந்த மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி, வழக்கம்போல முதலில் தான் உறிஞ்சிவிட்டு, அடுத்ததை நிரப்பி சுல்மாவிடம் நீட்டினாள். சுல்மா வாங்கவில்லை.

"அபிகாயிலுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்," என்றாள் எபே. "மூணு தடவை எடுத்துட்டுப் போயிருக்கா."

"அபிகாயில் யாரு?"

"உன் வாடிக்கையாளரோட பொண்ணு. அந்தப் பையனோட தங்கச்சி."

சுல்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பையன் ஏன் தரையைப் பார்த்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"அம்மா அலமாரியைக் குடையறாங்கன்னு பயந்து, அண்ணன்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கா," என்றாள் எபே. "கதவு பூட்டியிருந்துச்சு. ஜன்னல் உடைஞ்சிருக்கறதைப் பார்த்து அதுவழியா இறங்கி, கூடையில போட்டுட்டுப் போனான். மாடியிலேருந்து நான் பார்த்தேன்."

"போலீஸ்கிட்ட?"

"சபைப் பையன் ஒருத்தன் ஜன்னல் வழியா வெளியே வந்தான்னு சொன்னேன். அது பொய் இல்ல."

"பிழை இல்லாத வாக்கியம்தான்."

எபேயின் முகம் சுருங்கியது. "அவனைக் கணக்குல வெச்சு நான் செய்யல. யாரையும் பிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எப்பவாவது நமக்காக யாரையாவது பிடிச்சிருக்காங்களா? அவன் வந்து மிதிச்சது அவன் தலையெழுத்து."

"அவன் ஏன் வாயைத் திறக்கலன்னு உனக்குத் தெரியும். திறக்க மாட்டான்னும் தெரியும். அந்த தைரியத்துலதான் இதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சே."

"ஆமா."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எபே தயங்கவே இல்லை. சுல்மாவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மனு கொடுத்தோம்," என்றாள் எபே. "கையெழுத்து வாங்கினோம். முற்றத்துல பாட்டு பாடினோம். வந்தது எப்பவும் வர்ற அதே ஆளுங்க. ஜன்னல் உடைஞ்சதும் ஊரே வந்துச்சு. நம்மைப் படிக்க இவங்களுக்கு நேரம் இல்ல, சுல்மா. நம்மை யாராவது அடிச்சாத்தான் திரும்பிப் பார்க்கறாங்க. அதனால நானே அடிச்சேன். ரெண்டாவது பிரதிகளை மட்டும்."

"அந்தப் பையனுக்கு ரெண்டாவது பிரதி இல்ல."

"ஆம்பளை. தாங்கிப்பான். நாம தாங்கலையா?"

"நம்ம பொண்ணு ஒருத்திக்காகத்தான் அவன் உள்ள உக்காந்திருக்கான். நம்மைவிட நல்லாவே தாங்கறான்." சுல்மா புத்தகத்தின்மேல் கை வைத்தாள். "திங்கக்கிழமைக்குள்ள நான் போலீஸ்கிட்ட போயாகணும். நான் போனா இதைக் காட்டித்தான் பேசணும். அப்ப அபிகாயில் பேர் வெளியே வரும், அவளால அந்த வீட்டுல இருக்க முடியாது. நீ போனா இது வேண்டாம். பெயின்ட் டப்பா எங்க இருக்குன்னு நீ சொன்னாலே போதும்."

"நான் போனா இந்த வீடு போயிடும்."

"தெரியும்."

"மிர்த்தா இருந்தா உன்னை மன்னிச்சிருக்க மாட்டா."

"அதுவும் தெரியும்."

எபே எழுந்தாள். புத்தகத்தைக் கையில் எடுத்தாள். நிதானமாகக் கறுப்பு அட்டையைக் கழற்றி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தாள். பொன்னெழுத்து கருகியது. வில்மார் பாய்ந்து வந்தபோது அது சாம்பலாகியிருந்தது.

"இப்ப இது இங்க இருக்கிற மத்த புத்தகம் மாதிரி ஒரு புத்தகம்," என்றாள் எபே. "உன் கையில ஒண்ணும் இல்ல, சுல்மா."

புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, சேலை மாதிரி தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"தப்பு என்மேலதான்," என்றான் வில்மார். "கதவைக் காவல் காத்தேன். அடுப்பைக் காத்திருக்கணும்."

*

முற்றத்தில் கூட்டம் நெருக்கியது. அத்திமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு எபேயை ஏற்றினார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அவள் பேச ஆரம்பித்தாள். மாவு மூட்டைகளைப் பற்றிப் பேசினாள். முதல் தடவை வாசல்வரை வந்து, உள்ளே வராமலே திரும்பிப் போகிற பெண்களைப் பற்றிப் பேசினாள். இரண்டாம் தடவையும் வருவார்கள், அப்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்றாள். முன்வரிசையில் சிலர் அழுதார்கள். சுல்மாவின் கண்ணும் நிறைந்தது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இவள் சொல்லப் போவதில்லை என்று நினைத்தாள்.

"கிளம்பலாமா?" என்றான் வில்மார்.

அப்போதுதான் எபே அதே குரலில் சொன்னாள். "அந்தப் பெயின்டை ஊத்தினது நான்."

சிலர் கைதட்டினார்கள். ஏதோ உருவகமாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"கைதட்டாதீங்க. ஜன்னலை நான் உடைச்சேன். சுவத்துல நான் எழுதினேன். டப்பாவும் பிரஷும் மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கு, போய்ப் பாருங்க. உள்ள இருக்கிற பையன் ஒண்ணும் செய்யல. உடைஞ்ச ஜன்னலைப் பார்த்து எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். எனக்கு அது தெரிஞ்சும் சொல்லல."

யாரோ மாடிக்கு ஓடினார்கள். திரும்பி வரும்வரை முற்றத்தில் ஒருவரும் நகரவில்லை. எண்ணெய்ச் சட்டியில் ஏதோ கருகிக்கொண்டிருந்தது. அதை இறக்கவும் யாரும் போகவில்லை. டப்பா வந்தது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்து, எபேயின் காலடியில் எச்சில் துப்பிவிட்டு வெளியே போனாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர். நாற்காலியிலிருந்து இறங்க எபேக்கு யாரும் கை கொடுக்கவில்லை. வில்மார் போய்க் கொடுத்தான்.

இவோன் சுல்மாவிடம் வந்தாள்.

"நிம்மதியா இருக்கா உனக்கு?"

"இல்ல."

"மிர்த்தாவோட புத்தகங்களை எடுத்துட்டுப் போயிடு. நாளைக்கே. இங்க இருக்கறது உனக்கும் நல்லதில்ல, அதுக்கும் நல்லதில்ல."

*

ஜோனத்தான் வெளியே வந்தான். எபேமேல் வழக்கு பதிவானது. நகராட்சி கொடுத்த பத்து வருஷத்தை நகராட்சியே திரும்ப எடுத்துக்கொண்டது. புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி, யார் யாரோ வீட்டு மாடிகளுக்கும் வண்டிக் கொட்டகைகளுக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள். அடுத்த ஞாயிறு போதகர் அதையே பிரசங்கமாக்கினார். பொய்க்காரிகள் என்ற சொல் ஒலிபெருக்கியில் தெருமுனைவரை கேட்டது.

சுல்மா சபை வாசலில் நில்சாவைப் பார்த்தாள். நில்சா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"தேவன்தான் என் பையனைக் காப்பாத்தினார், செனோரா."

"நம்ம பில்லை அவருக்கே அனுப்பிடலாம், ஜெஃபா," என்று வில்மார் முணுமுணுத்தான்.

"ஒண்ணுதான் புரியல," என்றாள் நில்சா. "அவன் எதுக்கு அதுக்குள்ள போனான்? இன்னமும் சொல்ல மாட்டேங்கறான்."

"உடைஞ்ச ஜன்னலைக் கண்டா எந்தப் பையனும் எட்டிப் பார்ப்பான். திட்டுவீங்கன்னு பயந்திருப்பான்."

நில்சா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் போனதும், பாடகர் அங்கி போட்ட ஒரு பெண் சுவரோரமாக வந்து நின்றாள். அண்ணனின் அதே நெற்றி. பத்தொன்பது, இருபது வயதிருக்கும்.

"பக்கத்து வீட்டுல பெட்டி ஏத்தறதைப் பார்த்தேன்," என்றாள் அபிகாயில். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எபே அம்மாவுக்கு அது என் அண்ணன்னு தெரியுமா? எனக்காகத்தான் அவன் பேசாம இருக்கான்னு தெரியுமா?"

தொழில் முழுக்கப் பொய்களை உடைத்தவள் சுல்மா. அந்தப் பெண்ணுக்கு முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்தது எபே என்பது அவள் மனதில் ஓடியது.

"தெரியாது," என்றாள். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா."

அபிகாயில் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நான் எபே அம்மாகிட்ட எப்பவுமே எல்லாத்தையும் சொல்றவ, செனோரா. அண்ணனோட போட்டோகூடக் காட்டியிருக்கேன்."

உள்ளே வாத்தியம் ஆரம்பித்தது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அங்கியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, பாடுவதற்குப் போனாள்.